எழுத்தில்லாத ஏழு கேசட்

பாட்டு என்றால் அதில் வார்த்தை இருந்தே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? நாதஸ்வரத்தில் வார்த்தை இருக்கிறதா, பம்பையில் இருக்கிறதா? ஆடி மாதம் பம்பை அடித்தால் நடுத்தெருவில் நின்று ஆடுகிற அதே ஆட்கள்தான் என் கடைப் படியில் கால் வைத்ததும், "இன்னாம்மா, பாட்டே இல்லாத கேசட்ட ஓட்டிகினு கீற" என்பார்கள். பத்துப் பதினைந்து வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும்.

ஏழு கேசட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஏழும் வெளிநாட்டுக் கிட்டார்க்காரர்கள் வாசித்தவை. அவர்கள் பெயர் என் வாயில் நுழையாது. நுழைந்து நான் சொன்னாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் ஊரிலேயே அவர்களைத் தெரிந்தவர்கள் குறைவாம். ஒன்று, இரண்டு ரெக்கார்டு போட்டுவிட்டு, வாங்க ஆளில்லாமல் கலைந்து போனவர்களாம். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் பாட்டு மோசம் என்று ஆகிவிடுமா?

திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிக்குப் போகிற தெருவில் எங்கள் ரெக்கார்டிங் கடை. என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு நானும் என் கொழுந்தனும் நடத்தினோம். என்ன பாட்டு வேண்டும் என்று ஆட்கள் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். சீட்டைப் படிப்பது அவன், மெஷினை ஓட்டுவது நான். மெஷின் மீட்டரில் முள் சிவப்பைத் தொடாமல் சத்தத்தை நிறுத்துவதில் இந்தத் தெருவில் எனக்கு மேல் ஆள் கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். இருந்தும் வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ரெக்கார்டிங் பண்றவரு இல்லீங்களா" என்றுதான் கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். காலை ரயிலில் மெட்ராஸிலிருந்து வந்து சாயங்கால ரயிலில் திரும்புவாள். ஒரு நாள் வாக்மேனில் நாடா சிக்கிக்கொண்டதென்று ஒரு கேசட்டைக் கொண்டு வந்தாள். நான் நாலு திருகாணியைக் கழற்றி, கசங்கின இடத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, இதுக்கு ஒரு காப்பியும் போட்டுக் குடுத்துடறீங்களா. இது அறுந்துதுன்னா எனக்கு வேற கதியே இல்ல" என்றாள். அவளுடைய மாமா பையன் வெளிநாட்டில் படிக்கப் போனவன், அங்கே பதிந்து அனுப்பியதாம்.

அவள் போனதும் போட்டேன். போட்டதும் மெஷினை நிறுத்தினேன். ஒரே இரைச்சல். அதற்கு அடியில் எங்கேயோ ஒரு பெண் குரல். ஹெட்டில் அழுக்கு என்று நினைத்து ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். மறுபடியும் அதே இரைச்சல். மறுபடியும் துடைத்தேன். அப்புறம் கவனித்தால் சுருதி நிற்கவில்லை, மேலே கீழே அலைகிறது. ரெக்கார்டிங் கடைக்காரர் யாராக இருந்தாலும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள், பெல்ட்டு தளர்ந்துவிட்டது. மெஷினைத் திறந்து, நல்ல பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுப் பெல்ட்டு மாட்டினேன். அன்று மத்தியானம் முழுவதும் அதற்கே போயிற்று. மாட்டிவிட்டுப் போட்டால் அதே ஆட்டம்.

மறுநாள் அந்தப் பெண் வந்ததும், "மன்னிச்சிக்கோம்மா, மெஷினு கோளாறு, காப்பி சரியா வரல" என்றேன். என் வாயால் ஒரு வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"கோளாறு இல்லக்கா. பாட்டே அப்படித்தான்."

"இப்படி ஒரு பாட்ட வேணும்னேவா போடுவாங்க?"

"ஆங், வேணும்னேதான். வாசிச்சிகினு இருக்கறப்பவே கிட்டாரு கம்பியை ஆட்டிகினே இருப்பாங்களாம். குரலையும் அடங்கினாப்பலதான் வெப்பாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு மத்தியானமும் ஒரு பெல்ட்டும் போனதற்கு இதுவா பதில்? அவள் போன பிறகு, இதில் அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுகிறேன் என்று காலை நீட்டி உட்கார்ந்து கேட்டேன். கோபத்தோடு கேட்டால் காது நன்றாகத் திறக்கும், எனக்கு அப்படித்தான். வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளறையில் ஒருத்தி தனக்குத்தானே பாடினால் எப்படிக் கேட்குமோ, அப்படிக் கேட்டது. கிரைண்டரை நிறுத்தினால் அவளும் வாயை மூடிக்கொள்வாள். அந்தச் சத்தம் இருப்பதால்தான் அவள் பாடுகிறாள். இது புரிந்ததும் எழுந்து போய் முள்ளைச் சரியாக வைத்துக் காப்பி எடுத்தேன்.

அதன் பிறகு மாதம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அவள் கொண்டு வருவாள். சாயங்கால ரயிலுக்கு முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்போம். எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெயர் பெற்றவர்கள் என்று அவள் கொண்டு வந்த சிலதில் எனக்கு ஒன்றும் இல்லை. யாருக்கும் தெரியாதவர்கள் என்று அவள் சங்கோசத்தோடு நீட்டியதுதான் எனக்குள் இறங்கியது.

ஒன்று ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, வார்த்தையே கிடையாது. ஒற்றைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பான். பத்து நிமிஷம் அதுதான். கூட இன்னொருவன் வந்து அதையே கொஞ்சம் தள்ளித் தட்டுவான். ரயிலில் உட்கார்ந்து கரண்டு கம்பங்களைப் பார்த்துக்கொண்டு போவது மாதிரி, எல்லாம் ஒன்றுதான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. அப்புறம் தாளம் சேரும். சேரும்போது வயிற்றில் ஏதோ பிடித்துத் தூக்கும். இன்னொன்றில் மூன்று பேர் தண்ணீருக்கு அடியில் இருந்து வாசிப்பது போல இருக்கும். சத்தம் பெரிதாகவே ஆகாது. கேட்டு முடித்த பிறகுதான் தெருவில் வண்டி போகிற சத்தம் எவ்வளவு என்று தெரியும். வேறொன்றில் ஒரு கிழவர் டெலிபோனில் பேசிக்கொண்டே இருப்பார், பின்னால் வயலின் ஏறும். "இன்னாம்மா பேசறாரு" என்றேன். "ஒண்ணும் இல்லக்கா, அவங்க ஊர்ல மழை பெய்யுதுன்னு சொல்லிகினு இருக்காரு" என்றாள். அதற்கு எனக்கு ஏன் கண்ணில் தண்ணீர் வந்தது என்று கேட்காதீர்கள்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வடக்கே எங்கேயோ மாப்பிள்ளை. வேலையை விடப் போகிற வாரம் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே ஏழு கேசட், எல்லாம் தொண்ணூறு நிமிஷக் கேசட். பெட்டியும் இல்லை, மேலே ஒரு எழுத்தும் இல்லை.

"பேரு எழுதினா வீட்டுல கேள்வி வரும்னு எழுதலக்கா. மாமியார் வீட்டுல இதப் போட முடியாது. உங்ககிட்ட இருக்கட்டும். வந்து வாங்கிக்கறேன்."

"உன்னுது என்கிட்ட இருக்கும், போ" என்றேன்.

நான் கொடுத்த வாக்கு அவ்வளவுதான். ஆனால் நான் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எது எது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. இங்கிலீஷ் பெயர் எனக்கு எழுத வராது. ஆகவே பேனாவால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம் போட்டேன். கிரைண்டர் சத்தத்துக்கு அடியில் பாடுகிறவளுக்குக் குடை. தண்ணீருக்கடியில் வாசிக்கிறவர்களுக்கு மீன். ஒற்றைக் கம்பிக்காரனுக்குக் கம்பம். கிழவருக்குச் செருப்பு. மீதிக்குச் சீப்பு, ஏணி, கட்டில். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னக் காது இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு எதையும் பதிய முடியாது. ஏழுக்கும் காதை என் கையாலேயே உடைத்து, மெஷினுக்கு அடியில் இருக்கும் இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகை. இந்த ஊரில் அந்த நாலு நாளும் என்ன நடக்கும் என்று நான் சொல்லி யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காவடிப் பாட்டுக் கேசட்டு போட்டுக் கை ஓயாது. தமிழில் ஒன்று, ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்குத் தெலுங்கில் ஒன்று. அந்தச் சமயம் பார்த்து அம்மையார்குப்பத்தில் என் சின்னம்மா தவறிவிட்டாள். போகாமல் இருக்க முடியாது. காலையில் போய் மறுநாள் மத்தியானம் திரும்பினேன். கடையில் கூட்டம். கொழுந்தன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். குளித்துவிட்டு வந்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தேன். மூன்று கேசட்டுதான் இருந்தது.

கூட்டம் இருக்கிறதே என்று நான் பார்க்கவில்லை. "இதுல இருந்த நாலு கேசட்டு எங்க?" என்றேன்.

"எந்த நாலு அண்ணி? காலி கேசட்டா? மெட்ராஸ்ல இருந்து சரக்கு வரல. காலி தீந்துபோச்சி. இதுல சும்மா கீதேன்னு எடுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அது காலியா? மேல படம் போட்டிருந்தனே."

"படந்தான போட்டிருந்துது. எழுத்து இல்லியே. எழுத்து இல்லன்னா காலின்னுதான அண்ணன் காலத்துல இருந்து நம்ம கடையில கணக்கு."

அது உண்மைதான். எழுதியிருந்தால் பாட்டு இருக்கிறது, எழுதாவிட்டால் காலி. என் வீட்டுக்காரர் வைத்த வழக்கம். அவர் எழுதத் தெரிந்தவர், வைத்தார். சரியாக எழுத வராதவள் ஒருத்தி அதே மெஷினை ஓட்டுவாள் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

"காது உடஞ்சிருந்துதே. அது இன்னாத்துக்கு உடச்சிருக்குன்னு கேக்க மாட்டியா?"

"பழசு போலன்னு நெனச்சேன். ஓட்டைய செல்லோ டேப்பால ஒட்டினா மறுபடி பதியுமே, ஒட்டிப் போட்டேன்."

"போடறதுக்கு முன்னால ஒரு தடவையாவது ஓட்டிக் கேட்டியா?"

இங்கேதான் அவன் வாயைத் திறந்திருக்கக் கூடாது. "கேட்டேன் அண்ணி. உள்ள பாட்டே இல்ல. உஸ்ஸுன்னு இரைச்சல்தான் வந்துது. கெட்டுப்போன கேசட்டு, சாமிப் பாட்டாவது ஏறட்டும்னு ஏத்துனேன். அதுக்குப் புண்ணியம்தான அது."

வரிசையில் நின்ற காவடிக்காரர்களில் ஒருவர், "ஏம்மா, சாமிப் பாட்டு போட்டதுக்கா அந்தப் புள்ளையத் திட்டற" என்றார். முருகன் மேல் எனக்கு என்ன விரோதம்? அவனுக்கு என் கேசட்டுதான் வேண்டும் என்று அவன் கேட்டானா? இடித்துவிட்டு அதன் மேல் கட்டினால்தான் கோயிலா? குடை, சீப்பு, ஏணி, செருப்பு. நாலும் காவடியோடு நாலு திசைக்குப் போய்விட்டன. கிழவர் பேசிய அந்த மழை இனி இந்த ஊரில் இல்லை. கொழுந்தனோடு ஒரு வாரம் பேசவில்லை. சோறு போட்டேன். பேசவில்லை.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் வந்தார். லுங்கி நெய்கிறவர். கேசட்டைக் கல்லாவின் மேல் வைத்து, "இன்னாம்மா கேசட்டு குடுத்திருக்கீங்க" என்றார். "சாமிப் பாட்டு முடியுது. முடிஞ்சி ஒரு நிமிசம் சும்மா ஓடுது. அப்புறம் ஊய்னு ஒரு சத்தம். நான் தறியிலதான் ஏதோ ஆயிப்போச்சின்னு நிறுத்திட்டு, தறி நாடாவப் பாத்தேன், கால் மிதியப் பாத்தேன், கயிறெல்லாம் அவுத்துக் கட்டினேன். அரை நாள் வேலை போச்சி. கடைசியில பாத்தா உங்க கேசட்டு."

எடுத்துப் பார்த்தேன். குடை. என் கைப் படம் அப்படியே இருந்தது. காவடிப் பாட்டு ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம்தான். கேசட்டு நாற்பத்தைந்து. மீதிப் பதினைந்து நிமிஷம், இரண்டு பக்கமும், அந்தப் பாடுகிறவள் பிழைத்திருந்தாள். நான் அதை மெஷினில் போட்டு ஓட்டினேன். கடைசிக் காவடிப் பாட்டு முடிந்து, கொஞ்சம் வெற்று நாடா ஓடி, அப்புறம் அந்த இரைச்சல், அதற்கடியில் அவள் குரல். நானும் அரை நாள் பெல்ட்டு மாற்றியவள்தானே, அந்த ஆளிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

"வேற புதுசு போட்டுத் தரேன், இத என்கிட்ட குடுத்துடுங்க" என்றேன். சரி என்று உட்கார்ந்தார். புதுக் கேசட்டு தயாரானதும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்தக் கடைசி சத்தம் இதுல வராதுல்ல?"

"வராது."

"ஆங்." கேசட்டைத் திரும்பக் கல்லாவின் மேல் வைத்தார். "வீட்டுக்காரிக்கு அது பழகிப்போச்சி. அது வந்தா சாப்பாட்டு நேரம்னு எழுந்திருப்பா. இதுலயும் கடைசியில கொஞ்சம் போட்டுடுங்களேன்."

போட்டுக் கொடுத்தேன். நான் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சீட்டைப் படிப்பது போலக் குனிந்துகொண்டான். சீட்டில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மற்ற மூன்றும் வரவில்லை. அவற்றை வாங்கினவர்கள் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடுகிற ஆட்களாக இருக்கும். அப்படித்தான் முக்கால்வாசிப் பேர்.

வருஷங்கள் போயின. சி.டி. தட்டு வந்தது. ஒரே தட்டில் நூறு பாட்டு என்றார்கள். ரெக்கார்டிங் என்று யாரும் வருவதில்லை. கொழுந்தன் கடையின் முன்பக்கத்தில் செல்போன் ரீசார்ஜ் ஆரம்பித்தான். பின்பக்கம் ஒரு மெஷின் மட்டும் எனக்கு. அதற்கு நான்தான் ஹெட்டு துடைப்பேன், யாரையும் தொட விட மாட்டேன். அந்தப் பெண் வந்தால் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் எனக்கு. நாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றான் கொழுந்தன். பொய் சொல்லிப் பிழைக்க வேண்டிய நிலைமை எனக்கு இல்லை என்றேன். ஏழு கொடுத்தாய், மூன்று முழுசாக இருக்கிறது, ஒன்றில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கிறது, மூன்று போய்விட்டது, பொறுப்பு என்னுடையது. இதை எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

வந்தாள். பத்து வருஷம் இருக்கும். வீட்டு ஆட்களோடு மலைக்கு வந்தவள், அவர்களை ஓட்டலில் உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்க்க வந்தாளாம். உடம்பு போட்டிருந்தது. "அக்கா, அப்படியே கீறீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளை உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் பண்ணினதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "எந்த கேசட்டுக்கா?" என்றாள்.

பையைக் காட்டினேன்.

"ஓ, அதுங்களா. இன்னுமா வெச்சிகினு இருக்கீங்க. எப்பவோ தூக்கிப் போட்டிருக்கலாமேக்கா. இப்ப யாரு கேசட்டு கேக்கறாங்க?"

"கேசட்ட உடு. அந்தப் பாட்டெல்லாம் நீ கேக்கறதில்லியா?"

"எங்கக்கா நேரம். அப்போ ஏதோ ஒரு வயசு, கேட்டோம்."

நாலு கேசட்டை அழித்தவன் மேல் எனக்கு வந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவன் தெரியாமல் அழித்தான். இவள் தெரிந்து கேட்டவள். எனக்குக் காதைத் திறந்துவிட்டவளே இவள்தான். ஏதோ ஒரு வயசாம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. அது எந்த வயசு?

கம்பம் வரைந்த கேசட்டை எடுத்து மெஷினில் போட்டேன். "உட்காரு, கேளு" என்றேன். ஒற்றைக் கம்பி தட்ட ஆரம்பித்தது. நாலு நிமிஷம் உட்கார்ந்திருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் தலையைச் சாய்த்தாள்கூட. ஞாபகம் வருகிறது என்றுதான் நினைத்தேன். கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, "சாப்ட்டு முடிச்சிட்டாங்களாம்க்கா" என்று எழுந்தாள். "இது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேக்கா."

"ஆரம்பிச்சி நேரமாச்சி" என்றேன்.

அவள் சிரித்து, என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். நல்ல பெண்தான். பையை அவள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. கொடுத்த வாக்கு அன்றோடு தீர்ந்தது. அவளுடையது என்று நான் பத்து வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது இனிமேல் என்னுடையது. யாராவது கேட்க வேண்டுமென்றால் மத்தியானத்தில் வரலாம், உட்கார இடம் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போக மட்டும் தர மாட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கிட்டார் அப்போதுதான் வந்து சேர்ந்தது. முன்பக்கத்திலிருந்து கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, அவங்கதான் போயிட்டாங்களே. நிறுத்திடட்டா?"

"கை வெச்சிப் பாரு" என்றேன்.